சாண எரிவாயு: வீட்டுக் கலனா, பெரிய ஆலையா?

எங்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு கோபர் கேஸ் கலன் இருந்தது. இரும்பு டிரம் மிதக்கிற பழைய வகை. அம்மா காலையில் சாணியையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றுவார், மதியச் சமையல் அதிலேயே முடிந்துவிடும். பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. கட்டும்போது மானியம் கிடைத்தது, ஓட்டையை அடைக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. இன்று அந்தக் குழியில் எருக்கு முளைத்துக் கிடக்கிறது.

இப்போது அரசின் கவனம் அழுத்தப்பட்ட உயிர்வாயு, அதாவது சிபிஜி ஆலைகள் பக்கம் போய்விட்டது. எது தேவலை?

வீட்டுக் கணக்கு எளிது. 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணி, நான்கைந்து மாடு. வரும் வாயு ஏறக்குறைய 850 கிராம் சமையல் கேஸுக்குச் சமம், அதாவது பதினேழு நாளைக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். லாரி வாடகை கிடையாது. துருத் தொல்லைக்கும் 1984-லேயே தீனபந்து என்ற செங்கல் குவிமாட வகை வந்துவிட்டது. சிக்கல் மாட்டில்தான்: எங்கள் தெருவில் நான்கு மாடு கட்டியிருக்கும் வீடு இன்று இரண்டோ மூன்றோ.

ஆலையில் வேலை அதிகம். கச்சா வாயுவில் மீத்தேன் 50-60 சதவீதம்தான். கரியமில வாயுவையும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் பிரித்து, 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்து அழுத்தினால் சிஎன்ஜி வண்டியில் அப்படியே ஊற்றலாம். 2018 அக்டோபரில் சிபிஜி ஆலைகளுக்காக மத்திய அரசின் ‘சதத்’ (SATAT) திட்டம் தொடங்கியபோது 2023-24-க்குள் 5,000 ஆலைகள் என்றார்கள். எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியும் இருந்தது. 2025 வாக்கில் ஓடியவை நூற்றுச் சொச்சம்.

ஏன் என்று பார்த்தால், உறுதி வாயுவுக்கு இருந்தது, உள்ளே போடும் கழிவுக்கு இல்லை. ஆலைக்குள் போடும் வைக்கோலை அறுவடை முடிந்த சில வாரத்துக்குள் கட்டிக் குவித்து வருடம் முழுக்க நனையாமல் காக்க வேண்டும், அந்தச் செலவிலேயே பல ஆலைகளுக்கு மூச்சு வாங்கும். இந்தூரில் தினம் 550 டன் ஈரக்குப்பையிலிருந்து 17 டன் வாயு எடுக்கும் அளவுக்கு ஆலை கட்ட முடிந்தது என்றால், அங்கே வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்து வாங்குகிறார்கள்.

ஜெர்மனி வேறு வழியில் போனது: உயிர்வாயுவில் எடுக்கும் மின்சாரத்துக்கு இருபது வருடம் நிலையான விலை, 2004-லிருந்து எரிசக்திப் பயிருக்கு, அதாவது வாயு எடுக்கவே வளர்க்கும் பயிருக்கு ஊக்கத்தொகையும். ஆலைகள் ஆயிரக்கணக்கில் வந்தன, கூடவே வயலெல்லாம் மக்காச்சோளம் ஆனது. 2012-ல் மக்காச்சோளத்துக்கு உச்சவரம்பு போட்டார்கள், 2014-ல் அந்த ஊக்கத்தொகையையே புதிய ஆலைகளுக்கு நிறுத்தினார்கள். டென்மார்க் பயிருக்குக் கடிவாளம் போட்டு மாட்டு, பன்றிச் சாணத்தைப் பிடித்துக்கொண்டது; அங்கே எரிவாயுக் குழாயில் ஓடுவதில் சுமார் 40 சதவீதம் உயிர்மீத்தேன், அதாவது சுத்திகரித்த உயிர்வாயு. காசு எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் கலனுக்குள் போகும்.

அப்புறம் யாரும் அதிகம் பேசாத விஷயம், வாயு எடுத்தபின் கலனில் மிச்சமாகும் கழிவுக் குழம்பு. அம்மா அதை வாழைக்குத் திருப்பிவிட்டார், கதை முடிந்தது. ஆலையிலோ தினமும் டன் டன்னாக வரும், பெரும்பகுதி தண்ணீர், லாரி ஏற்றினால் கட்டுபடியாகாது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது விவசாயி இதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? 2023-ல் இந்த இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது நல்ல காரியம், ஐந்து வருடம் தாமதம்.

2025-26-ல் 1 சதவீதத்தில் தொடங்கி 2028-29-ல் 5 சதவீதம் வரை சிஎன்ஜியிலும் வீட்டுக் குழாய் கேஸிலும் சிபிஜி கலப்பது கட்டாயம் என்ற விதி வந்திருக்கிறது. இலக்கு எண்களைவிட இது மேல், சந்தையாவது நிச்சயம். ஆனால் ஆலையைக் கரும்பாலை, கோழிப்பண்ணை, காய்கறிச் சந்தை மாதிரி கழிவு ஒரே இடத்தில் குவிகிற ஊர்களில் மட்டும் கட்டட்டும், வைக்கோல் கடைசியாக வரட்டும். நான்கு மாடு உள்ள வீட்டுக்கு வீட்டுக் கலனே போதும். மானியத்தில் பாதியைக் கட்டும்போது கொடுத்துவிட்டு, மீதியை அடுப்பு எரிகிறதா என்று வருடா வருடம் வந்து பார்த்துக் கொடுங்கள், ரிப்பேர் தெரிந்த ஒரு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு.