வாய்க்கால் தண்ணீருக்கு எந்த இம்பெல்லர்?

மூன்று வருடமாக எங்கள் வாய்க்கால் கரையில் ஓடுவது செமி ஓப்பன் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம்) போட்ட 5 எச்பி மோனோபிளாக் பம்பு, அதாவது மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இருப்பது. அதற்கு முன் இருந்தது க்ளோஸ்டு. வேலை செய்யும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2880 சுற்றில் சுழலும் இம்பெல்லர், நடுக்கண் வழியாக வரும் தண்ணீரை விளிம்புக்கு வீசுகிறது. நத்தைக்கூடு போன்ற கேசிங் அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றிக் குழாயில் ஏற்றுகிறது. க்ளோஸ்டில் இறக்கைகளுக்கு முன்னும் பின்னும் தட்டு உண்டு. செமி ஓப்பனில் பின்தட்டு மட்டும்.

தெளிந்த தண்ணீர் என்றால் க்ளோஸ்டுதான், பேச்சே இல்லை. அதே கரண்டுக்குக் கூடுதலாக இறைக்கும். ஆனால் மேட்டூர் திறந்து வரும் முதல் தண்ணீரில் சருகும் ஆகாயத்தாமரை வேரும் சேர்ந்தே வரும். ஒருநாள் விடியற்காலை மோட்டார் ஓடுகிறது, குழாயில் விரல் கனத்துக்குத்தான் தண்ணீர். கேசிங்கைக் கழற்றினால் இரண்டு தட்டுக்கும் நடுவே வேர் திணித்த மாதிரி அடைத்திருந்தது. சைக்கிள் போக்ஸ் கம்பியால் நோண்டி எடுத்தேன். நடுக்கண்ணைச் சுற்றி தண்ணீர் திரும்பிக் கசியாமல் தடுக்கும் 'வேர் ரிங்' (wear ring) என்ற வளையம் வண்டலில் தேய்ந்தாலோ, ஏற்றிய தண்ணீரே மறுபடி நடுக்கண்ணுக்குத் திரும்பிவிடும். அதைச் சரிசெய்ய லேத்துப் பட்டறைக்கு அலைய வேண்டும்.

செமி ஓப்பனில் குப்பை பெரும்பாலும் போய்விடும். சிக்கினாலும் கையாலேயே உருவலாம். அதன் உயிர் இறக்கை நுனிக்கும் கேசிங்குக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. எங்கள் பம்புக்கு அது 0.4 மில்லிமீட்டர். தேயத் தேய இடைவெளி கூடி, இறக்கைக்கு மேலாகவே தண்ணீர் நழுவும். அதனால் அணை திறப்பதற்கு முன் வருடம் ஒருமுறை கழற்றி, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்து, கேசிங் கேஸ்கெட்டை (மூட்டில் ஒழுகாமல் இருக்க வைக்கும் தாள்) இன்னும் மெல்லியதாக வெட்டிப் போடுகிறேன். இம்பெல்லர் அவ்வளவுக்கு முன்னால் நகர்ந்துவிடும். அப்புறம் மோட்டார் ஃபேனைக் கையால் சுற்ற வேண்டும். 'கர்' என்று உரசினால் ரொம்ப நெருங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் வருடம் இதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டு, கேசிங்கில் ஒரு கீறல் வாங்கினேன். மற்றபடி ஒரு மணி நேர வேலை, கேஸ்கெட் தாள் செலவு.

கேசிங்கே பள்ளம் விழுந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. செமி ஓப்பனில் தண்டை ஒரு பக்கமாக இழுக்கும் விசை அதிகம், பேரிங் அடிவாங்கும் என்பார்கள். ஒருமுறை மாற்றினேன்தான், ஆனால் சீல் ஒழுகி உள்ளே போன தண்ணீரும் காரணமாக இருக்கலாம்.

பழைய க்ளோஸ்டு பம்பை விற்கவில்லை. புது ரிங் போட்டு மேட்டுக்கொல்லை பில்டர் பாயிண்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) மாட்டிவிட்டேன். அங்கே சருகுக்கு வழியில்லை, நன்றாகவே இறைக்கிறது.