வார்னிஷ் ரிமூவர் அரை லிட்டர்: கீழக்கரை காத்துக்கு சரிப்படல (5க்கு 2)

உம்மாவோட வாப்பா சாஞ்சு கெடந்த ஈசி சேர் ஒண்ணு மாடில கெடந்துச்சு, கை ரெண்டும் நீளமா காலத் தூக்கி மேல போட்டுக்கற மாடல். பர்மா தேக்குன்னு வீட்ல சத்தியம் பண்ணுவாங்க, எங்க ஊர்ல எந்தப் பழைய மரச் சாமானக் கேட்டாலும் பர்மா தேக்குதான், அத விடுங்க. மேல இருந்த பாலிஷ் கருத்துப்போயி, கையில டீ கிளாஸ் வச்ச எடமெல்லாம் வெள்ளை வெள்ளையா வளையம். சரி நாமளே பண்ணிருவோம்னு ஆன்லைன்ல ஒரு ரிமூவர் ஆர்டர் பண்ணேன், கம்பெனி பேர் வேணாம்.

தடவி பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு பட்டி தகட்டால வழிச்சா தோலு மாதிரி உரிஞ்சு வரும்னு போட்டிருந்தான். நான் தடவுனது ஆனி மாசம் மொட்டை மாடில, கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற நேரம். அஞ்சே நிமிஷத்துல மேல காஞ்சு போச்சு, வழிச்சா உரியல, பிசினு மாதிரி இழுத்துக்கிட்டு வருது, கூடவே கடக்கர மணலும் அதுல ஒட்டிக்கிச்சு. அப்பறம்தான் டப்பா பின்னாடி பொடி எழுத்தப் படிச்சேன், மெத்திலீன் குளோரைடு. 40 டிகிரிக்கிட்டயே கொதிச்சு ஆவியாப் போற சரக்கு அது, நம்ம ஊரு வெயிலும் காத்தும் சேந்தா எங்க நிக்கும்? பாலித்தீன் ஷீட்டப் போட்டு மூடி வச்சா கொஞ்சம் தாங்குது. அதுக்காக ரூமுக்குள்ள கதவ சாத்திட்டு தடவிறாதீங்க, அந்தப் புகை ஆளையே சாச்சிரும், அமெரிக்காவுல 2019லயே இத வச்ச பெயிண்ட் ரிமூவர வீட்டு ஆளுங்களுக்கு விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. கூட வாங்குன மெடிக்கல் கிளவுஸ் வேற ரெண்டே நிமிஷத்துல நெகிழ்ந்து வெரல்ல சுள்ளுன்னு எரிஞ்சிச்சு.

இதுல கடுப்பு என்னன்னா இது தேவையே இல்ல. போட்டு நிக்கிற ஜெட்டி பக்கம் போட் சாமான் விக்கிற கடைக் காக்காகிட்ட (எங்க ஊர்ல அண்ணன காக்கான்னுதான் கூப்பிடுவோம்) போயி நின்னேன், சேரோட போட்டோவப் பாத்துட்டு "வெள்ளை வளையம் விழுந்தா அது அரக்கு பாலிஷ் தம்பி, வீட்ல சானிடைசர் கெடக்கா, ஒரு சொட்டு வச்சுப் பாரு"ன்னாரு. கொரோனா காலத்து பாட்டில் ஒண்ணு கெடந்துச்சு, அடியில ஒரு ஓரமா வச்சு பஞ்சால தேச்சா காப்பிக் கலர்ல கரைஞ்சு வருது! சானிடைசர்ல இருக்கறதும் ஸ்பிரிட்டு தான, அரக்குன்னா ஸ்பிரிட்டுக்குக் கரையும், தின்னருக்குக் கரைஞ்சா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், ரெண்டுக்கும் அசையாம இருந்தா ஆயில் வார்னிஷோ பி.யூ.ங்கற பாலியூரித்தேன் பூச்சோ, அப்பதான் ரிமூவர் பத்தி யோசிக்கணும். மிச்ச சேர் பூராம் ஸ்பிரிட்டும் பழைய பனியன் துணியும் வச்சே ரெண்டு சாயங்காலத்துல முடிஞ்சிச்சு.

அந்தக் கடைக்கு 5க்கு 5. பில்லு கேட்டா மூஞ்சிய சுளிக்கிறாரு, அது ஒண்ணுதான் கொறை. போட்டுக்கு வாங்குறவங்களுக்காக வச்சிருக்கறதால பித்தளை ஸ்க்ரூவும் துருப்பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவும் சில்லறையாவே எண்ணித் தர்றாரு. சேர்ல இருந்த இரும்பு ஆணி உப்புக் காத்துல துரு ஏறி சுத்தி மரமே மையி கொட்டுன மாதிரி கருநீலமா போயிருந்துச்சு, இரும்பும் மரத்துச் சாறும் சேந்தா அப்படி ஆகுமாம், அதுக்கு ஆக்சாலிக் ஆசிட்ட வெந்நில கரைச்சு தடவச் சொன்னாரு. வெஷம் அது, புள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. ஆனா கற போற வேகம் இருக்கே, கண்ணு முன்னாடியே வெளுக்குது.

கழுவுறதுக்கு போர் தண்ணிய எடுக்காதன்னு முக்கியமா சொன்னாரு. எங்க ஊரு போர் தண்ணி உப்பு, காஞ்சா மரத்துலயே படிஞ்சு ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால குடிக்க வச்சிருந்த காவிரித் தண்ணி ரெண்டு கொடம் இதுக்கே போச்சு, உம்மா மூணு நாளு சரியாப் பேசல.

அப்பறம் 120, 180, 220னு நம்பர் பாத்து உப்புத்தாளு போட்டேன். 220க்கு மேல போனா வழவழன்னு ஆயி வார்னிஷ் பிடிக்காதுன்னு நிறுத்திட்டேன். வார்னிஷும் காக்கா கடைதான், வெளிப்பக்கத்துக்கு அடிக்கிற ஆயில் வார்னிஷ், பளபளப்பு இல்லாதது. மொத கோட்டுல நான் ஒரு தப்பு பண்ணேன், தேக்குல எண்ணெ இருக்கும், தின்னர் நனைச்ச துணியால தொடச்சிட்டு ஒடனே அடிக்கணும், அத மறந்துட்டேன். ரெண்டு நாளாகியும் கை வச்சா பிசுபிசுன்னு ரேகை விழுந்துச்சு. சொரண்டி எடுத்துட்டு மறுபடியும் டர்பன்டைன் கலந்து ஒரு கோட்டு, அப்பறம் கலக்காம ரெண்டு கோட்டு, நடுவுல நாளு விட்டு 320 தாளு. எல்லாம் கீழ வராண்டால, ஈரச் சாக்கக் கட்டி காத்த மறிச்சுத்தான்.

சேர்ல உக்கார்ற எடத்துக்குப் பிரம்பு பின்றது நம்மளால ஆகாது, அதுக்கு ஆளு பாத்துட்டு இருக்கேன். அதுவரைக்கும் பலகையப் போட்டு வாப்பாதான் உக்காந்திருக்காங்க.

ரிமூவர் முக்கால் டப்பா மிச்சம். வீட்டு இரும்பு கேட்டுல பழைய எனாமல் பெயிண்ட் மேல காத்து இல்லாத விடியக்காலைல தடவிப் பாத்தேன், இரும்புல நல்லாவே உரியிது, 2 ஸ்டார் அதுக்குத்தான். யாருக்கும் வேணும்னா வந்து எடுத்துக்கங்க.