தாமான் ரிம்பா கியாரா: நீதிமன்றம் மீட்டுக்கொடுத்த பூங்கா

கோலாலம்பூரில் குடும்பத்தோடு போய் நடக்க எந்தப் பூங்கா நல்லது என்று கேட்டால் பெரும்பாலோர் தித்திவங்சா ஏரியைச் சொல்வார்கள், இல்லையென்றால் கேஎல்சிசி பூங்காவைச் சொல்வார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் என்னிடம் கேட்பவர்களை நான் முதலில் அனுப்பிவைப்பது டிடிடிஐ எனப்படும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம், புக்கிட் கியாரா குன்றின் அடிவாரத்தில் இருக்கும் தாமான் ரிம்பா கியாராவுக்கு. மொத்தமே சுமார் 25 ஏக்கர். வாடகைப் படகு கிடையாது, கோபுரங்களோடு படம் எடுக்கும் மேடை கிடையாது. மரம், புல்வெளி, நடைபாதை, பிள்ளைகள் விளையாடும் இடம். அவ்வளவே.

நான் நில அளவை அலுவலகத்தில் பெலான் வரைகிறவன். டிரேசிங் தாளில் மைப்பேனா பிடித்த காலத்திலிருந்து இன்றைய கணினித்திரை வரை எத்தனையோ தாமான்களின், அதாவது குடியிருப்புப் பகுதிகளின், எல்லைக்கோடு என் கை வழியாகப் போயிருக்கிறது. அதனால் எந்தப் பூங்காவுக்குள் நுழைந்தாலும் இரண்டு கேள்விகள் தானாக எழுந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல் அங்கே நிழல் இருக்குமா? அந்த நிலம் யார் பெயரில், எதற்கென்று பதிவாகியிருக்கிறது? முதல் கேள்விக்கு ரிம்பா கியாரா மனம் நிறைய பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்க அக்கம்பக்கத்து மக்கள் ஆறு ஆண்டுக்காலம் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

நிழலை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் புதிதாகத் திறக்கும் பல பூங்காக்களில் கல் பதித்த தரை அகலமாக இருக்கும், மரக்கன்றுகள் இன்னும் முட்டுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்பதரைக்கே தரை சுடும். ரிம்பா கியாராவில் மரங்கள் வளர்ந்து முடித்தவை. கிளைகள் பாதைக்கு மேலே சேர்ந்துகொள்வதால் வயதானவர்களை அழைத்துப்போனால் அவசரப்படுத்த வேண்டியதில்லை. என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவர் இரண்டு சுற்று நடந்துவிட்டு, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோன தே ஓவைக் குடித்துவிட்டு, மறுபடியும் எழுந்து நடப்பார். வேறெந்த இடத்திலும் அவர் இரண்டாவது சுற்றுக்குச் சம்மதித்ததில்லை.

பூங்காவை விட்டுக் குன்றுக்குள் ஏறும் பாதைகள் சைக்கிள்காரர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் பிரியமானவை. நம்மவர்களுக்கு அங்கே வேறொன்றும் இருக்கிறது. புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அந்தக் காலத்துப் பால்மரங்கள் இன்னும் காட்டு மரங்களுக்கு நடுவில் நிற்கின்றன. ஒரு மரத்தை நெருங்கிப் போய்ப் பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் பட்டை ஒரு பக்கம் முடிச்சு முடிச்சாகத் தடித்திருக்கும். உளி ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்ட இடங்கள் அப்படித்தான் ஆறும். நன்றாக வெட்டத் தெரிந்தவர் கைபட்ட மரத்தில் அந்த முடிச்சுகள் இருக்காது. பட்டை மறுபடியும் வழவழப்பாக வளர்ந்திருக்கும், இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் பழைய வெட்டுக்கோடு விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படும். என் அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். மரத்தைப் பார்த்தே வெட்டினது பழகிய கையா புதுக் கையா என்று சொல்லிவிடுவார். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த மரங்களுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பால் பிடிக்கும் மங்கு எங்கே கட்டுவார்கள், ஒட்டுப்பால் என்றால் என்ன, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்து போவார்கள் என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை இந்த நகரத்தில் இல்லை.

அந்தத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களின் கதை பூங்காவின் ஓரத்திலேயே இருக்கிறது. தோட்டத்து நிலம் கையகப்படுத்தப்பட்ட பிறகு, தற்காலிகம் என்று சொல்லி 1980களின் தொடக்கத்தில் அவர்களை ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். சுமார் நூறு குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள். நிரந்தர வீடு வரும் என்ற வாக்குறுதியோடு நாற்பது ஆண்டுகள் போய்விட்டன. அன்று கைக்குழந்தையாக வந்தவர்கள் பேரப்பிள்ளை எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நிலத்தின் கதை சிக்கலாகிறது. 2017 ஜூலை மாதம், பூங்காவின் ஏறக்குறைய பாதி நிலத்தில் அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் மேம்பாட்டு அனுமதி கொடுத்தது. 42 முதல் 54 மாடி வரை உயரும் எட்டுக் கட்டடங்கள், அவற்றோடு ரூமா பாஞ்சாங் மக்களுக்கான மலிவு வீடுகளுக்கென்று 29 மாடிக் கட்டடம் ஒன்று. ஒன்பது கட்டடங்களில் ஒன்றுதான் தோட்டத்து மக்களுக்குப் பயன்படக்கூடியது. நகரத்தில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020 அந்த இடத்தைப் பொதுத் திறந்தவெளியாகக் காட்டியிருந்தது. வட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்ற சீராய்வு கேட்டுப் போனார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்து அனுமதியை ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பை வாசித்தவர் நீதிபதி நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டம் என்பது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம், மாநகரத் தலைவரான டத்தோ பண்டார் தக்க காரணம் இல்லாமல் அதை விட்டு விலக முடியாது என்பது அதன் சாரம். நிலத்தின் உரிமையாளரான அறக்கட்டளையின் குழுவில் அனுமதி கொடுத்த டத்தோ பண்டாரும் இருந்ததால் எழுந்த நலன் முரணையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எங்கள் அலுவலகத்தில் அன்று வேலை ஓடவில்லை. அத்தனை வருடமாகக் கட்டமைப்புத் திட்டத்தை வெறும் வழிகாட்டி என்று சொல்லிக் கேட்டுப் பழகிய எங்களுக்கு, அதில் பச்சையாகத் தீட்டியிருப்பதற்குச் சட்டத்தின் பலம் உண்டு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னது பெரிய செய்தி.

ரூமா பாஞ்சாங் மக்களின் சங்கம் அந்த வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டி வந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வீடு கிடைக்கும் ஒரே வழி அந்தத் திட்டம்தான் என்று அவர்கள் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. தோட்டத்துக் கோயில் பக்கம் ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "எங்களுக்கு வீடும் வேணும் தம்பி, இந்த மரமும் வேணும். ரெண்டுல ஒண்ணைத்தான் கேக்கணும்னு யாரு சொன்னது?" அவர் கேட்டது நியாயம். நூறு குடும்பங்களுக்கு வீடு கட்ட அவர்கள் ஏற்கெனவே குடியிருக்கும் நிலமே போதும். அதற்காகப் பூங்காவில் பாதியைக் கொடுக்க வேண்டிய கணக்கு எந்த அளவையிலும் வராது. பூங்காவைக் காப்பாற்றிய நகரம் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, ஒரு பூங்கா பத்திரமாக இருக்க என்ன வேண்டும்? தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி ஒரு நிலத்தைப் பொதுத் தேவைக்கென்று ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம். நாங்கள் பேச்சுவழக்கில் ரிசாப் என்கிறோம். எந்தத் தேவைக்கு, எவ்வளவு பரப்பு, யாருடைய பொறுப்பில் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அதை நீக்க வேண்டுமானால் 64ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். வரைபடத்தில் பச்சை தீட்டுவதும் நிலத்தை ரிசாப் ஆக்குவதும் இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டும் நடந்திருந்தால்தான் நான் அந்தப் பூங்காவை நம்புவேன்.

நான் குடியிருக்கும் தாமானிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பெயர் வேண்டாம். வீடு விற்கும்போது கொடுத்த வண்ணப் பிரசுரத்தில் ஒரு திடல் இருந்தது. பிள்ளைகள் பந்து விளையாடினார்கள், பொங்கலுக்கு அங்கே பானை வைத்தோம். ஒரு நாள் காலையில் துத்தநாகத் தகடு வேலி நின்றது. இப்போது அது கட்டண வண்டி நிறுத்துமிடம். நாங்கள் பிரசுரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசினோம், கட்டுமான நிறுவனத்தார் நில உரிமைப் பத்திரமான கிராண்டை எடுத்து மேசையில் வைத்தார்கள். கிராண்டில் அது கட்டுமான நிறுவனத்தின் நிலமாகவே இருந்தது. அரசாங்கத்திடம் ஒப்படைக்கவே இல்லை. ரிம்பா கியாராவின் புல்வெளியில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகடு வேலி ஞாபகம் வரும்.

பூங்காவைப் போலவே கவனிக்க வேண்டிய இன்னொரு வகை நிலம் பொதுப் பயன்பாட்டு நிலம். வடிகாலுக்கான லொங்காங் ரிசாப், மின்சார நிறுவனமான டிஎன்பியின் சப்ஸ்டேஷனுக்கு ஒதுக்கிய சின்ன லாட், உயரழுத்தக் கம்பிகளுக்குக் கீழே ஓடும் ரெந்திஸ் எனும் நிலப்பட்டை, கழிவுநீர் சுத்திகரிக்கும் இடம், வெள்ளத்தடுப்புக் குளம். பெலானில் இவை கடைசியில் மூலையில் வந்து உட்காரும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் திடலின் நடுவில் ஒரு சப்ஸ்டேஷன் வந்து விழாமல் இருக்க ஒரே வழி, தொடக்கத்திலேயே அதற்கென்று தனி லாட் ஒதுக்கிப் பதிவுசெய்வதுதான். அது செய்யாத இடங்களில் மின்சாரத் தேவை கூடும்போது எல்லாருடைய கண்ணும் காலியாக இருக்கும் புல்வெளிமேல்தான் விழும்.

சேர்த்து யோசித்தால் நல்லதாகவும் அமையும். கெப்போங் மாநகரப் பூங்காவில் ஞாயிறு மாலை பட்டம் விடுகிறார்களே, அந்த ஏரி வெள்ளத்தடுப்புக் குளம். கனமழை நாளில் வெள்ளத்தை வாங்கிக்கொள்வது அதன் வேலை, மற்ற நாளில் அது நமக்கு ஏரி. பந்தாய் டாலாமில் இதைவிடத் துணிச்சலான வேலை நடந்திருக்கிறது. பழைய திறந்தவெளிக் கழிவுநீர்க் குட்டைகள் இருந்த இடத்தில் சுத்திகரிப்பு ஆலையை நிலத்துக்கு அடியில் கட்டி, மேல்பரப்பை மக்கள் பொழுதுபோக்க விட்டிருக்கிறார்கள். ஒரே நிலம் இரண்டு வேலையும் செய்கிறது. குளமோ ஆலையோ அங்கே இருப்பது தெரிந்தால் அந்த நிலத்தை எடுத்துக் கட்டடம் எழுப்ப யாரும் எளிதில் துணிய மாட்டார்கள் என்று முன்பெல்லாம் நினைப்பார்கள். ஆனால் இந்த நகரத்தில் வெள்ளத்தடுப்புக் குளங்களின் நிலம்கூடக் கைமாறிய விவகாரம் தேசியத் தணிக்கை அறிக்கை வரை போனது. குளத்துக்கும் ரிசாப் வேண்டும்.

ரிம்பா கியாராவுக்குத் திரும்புவோம். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விடுமுறை நாள் காலையில் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு சாலையோரம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். டிடிடிஐ எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தும் வரலாம் என்றாலும் பெரியவர்களோடு வருகிறவர்கள் கிராப் எடுப்பது நல்லது. மழை பெய்த மறுநாள் குன்றுப் பாதை சறுக்கும், பிடிப்புள்ள காலணி இல்லாமல் ஏறாதீர்கள். மாலையில் கொசு உண்டு, பிள்ளைகளுக்கு மருந்து தடவிக் கூட்டிப்போங்கள். சைக்கிள்காரர்கள் இறங்கி வரும் வளைவுகளில் கைக்குழந்தைக்காரர்கள் ஓரமாக நில்லுங்கள். கோயில் பக்கம் போகிறவர்கள் அது ஒரு குடியிருப்பின் கோயில் என்பதை நினைவில் வைத்து, அங்குள்ளவர்களிடம் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். பசித்தால் டிடிடிஐ சந்தைப் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் நிறைய.

வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் தாமானின் திடலையும் ஒருமுறை பாருங்கள். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040இன் வரைபடத்தில் அந்த இடம் பொதுத் திறந்தவெளியா, பொதுப் பயன்பாடா, குடியிருப்பா என்று காட்டியிருப்பார்கள். லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு நில அலுவலகத்தில் தேடல் விண்ணப்பம் கொடுத்தால் உரிமையாளர் யார், ரிசாப் உண்டா என்பது தெரிந்துவிடும். கட்டணம் பெரிய தொகை இல்லை. திடல் இன்னும் கட்டுமான நிறுவனத்தின் பெயரில் இருந்தால் குடியிருப்பாளர் சங்கத்தைக் கூட்டி, அதை அரசாங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வேலி வருவதற்கு முன்னால் கேளுங்கள்.