"வாக்கிங் போறீங்களா?" "போறேன் டாக்டர்!"

டோக்கன், எடை, பிரஷர், வராண்டாவில் காத்திருப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். இந்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு ஆறாமல் இருப்பது டாக்டர் அறையில் நடந்த இந்தப் பேச்சு மட்டும்தான்.

"வாக்கிங் போறீங்களா?"

"போறேன் டாக்டர்."

"நல்லது."

கம்ப்யூட்டரில் 'உடற்பயிற்சி: உண்டு' என்று ஒரு டிக். முடிந்தது. அப்பாவின் வாக்கிங் எனக்குத் தெரியாதா? தெருமுனை வரை போவார். தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் அங்கேயே நின்றுவிடுவார். அது வாக்கிங் என்றால் நான் தினமும் மராத்தான் ஓடுகிறேன்.

மூன்று மாதச் சர்க்கரையைத் தசமப் புள்ளி வரை அளக்கிறார்கள். பிரஷருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எண். நடைக்கு மட்டும் உண்டு, இல்லை! மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசிக்கும்போது அவர் எவ்வளவு அசைகிறார் என்பதும் தெரிய வேண்டாமா?

நான் இருக்கும் அமெரிக்காவில் சில மருத்துவமனைகளில் இதற்கு இரண்டே கேள்விகள். வேகநடை மாதிரி உடல் உழைப்பு வாரத்தில் எத்தனை நாள்? அந்த நாட்களில் எத்தனை நிமிடம்? இரண்டையும் பெருக்கினால் வாரக் கணக்கு வந்துவிடும். தெற்கு கலிபோர்னியாவில் கைசர் பெர்மனெண்டே என்ற பெரிய மருத்துவ நிறுவனம் 2009லேயே இதை பிரஷர், நாடித்துடிப்போடு சேர்த்துப் பதிய ஆரம்பித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அதோடு ஒப்பிட்டால் போதும், அரை நிமிட வேலை.

அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது என்றும் சொல்ல வேண்டும். கேட்பவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். நான் ஒரு எண் சொல்வேன், அவர் தட்டிக்கொள்வார். வாயால் சொல்லும் கணக்கு பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆனால் நம்மூரில், வெளியே மருந்துச் சீட்டை விளக்க உட்கார்ந்திருந்த நர்ஸ் அம்மா அப்பாவிடம் கேட்டார் பாருங்கள்:

"ஐயா, நடக்கிறப்ப பாட்டுப் பாட முடியுமா?"

அப்பா சிரித்துவிட்டார்.

"பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். உங்களுக்கு மூச்சு வாங்குமா?"

"அதெல்லாம் வாங்காதும்மா. நின்னுதானே பேசுவோம்."

வந்தது உண்மை! அப்புறம் நர்ஸ் அம்மா நூல் பிடித்தாற்போல் கேட்டுக்கொண்டே போனார். நிற்காமல் எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். வாரத்தில்? நாலு நாள். கையைக் குறுக்கே கட்டச் சொல்லி, முப்பது விநாடிக்குள் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார் என்றும் எண்ணினார். நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் இதெல்லாம் சொன்னதே இல்லை. மெதுவான நடையை அது பல சமயம் எண்ணுவதுகூட இல்லை.

அந்த அம்மா ஃபைல் ஓரத்தில் பேனாவால் எழுதினார்: 'வாரம் 40 நிமிடம், மெதுவாக.' கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி கவுன்டரில் போய்க் கேட்டேன். "சாஃப்ட்வேர்ல அதுக்கு இடம் இல்லீங்க" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு அழகாகக் கேட்டு வாங்கிய விஷயம், அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தால் அவர் கண்ணிலேயே படாது. அவருக்குத் திரையில் 'உண்டு' என்று மட்டும்தான் தெரியும்.

தம்பியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த முறை உள்ளே போனதும், டாக்டர் கேட்கும் முன்பே நாளையும் நிமிடத்தையும் அவனே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "டாக்டரே நல்லதுன்னு சொல்லிட்டாரு, உனக்கென்ன?" என்கிறார்.