டெல் வைஸ் 5070: பனியன் கம்பெனி போன் சிஸ்டத்துக்கு ஒரு பழைய டப்பா

திருப்பூர்ல நம்ம யூனிட்டுக்கு ஆபீஸ், கட்டிங், பேக்கிங், குடோன் எல்லாம் சேத்து 14 எக்ஸ்டென்ஷனுங்க. பழைய ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச் மிஷின்) இடி விழுந்து போனதும், கம்ப்யூட்டரையே எக்ஸ்சேஞ்சா மாத்தற ஆஸ்டரிஸ்க் சாஃப்ட்வேருக்கு மாறிட்டோம், மேல ப்ரீபிபிஎக்ஸ் போட்டுட்டா எல்லாத்தையும் பிரவுசர்லயே செட் பண்ணிக்கலாம். சாஃப்ட்வேர் ஓசி, எந்த கம்ப்யூட்டர் டப்பால போடறதுங்கறதுதான் ரோதனை.

மொதல்ல ராஸ்பெர்ரி பை 4ங்கற கையடக்க கம்ப்யூட்டர்ல ஓடுச்சு. வேகத்துல குறையே இல்ல, ஏன்னா ரெண்டு பக்கமும் ஜி.711 கோடெக்னா (குரல டிஜிட்டலா மாத்தற ஒரு முறை) பாக்கெட்ட இந்தப்பக்கம் வாங்கி அந்தப்பக்கம் தள்ற வேலைதான், அதுக்கெல்லாம் பெரிய ப்ராசசர் வேணாம். என் தப்பு மெமரி கார்ட நம்புனது. கால் ரெக்கார்டிங், லாக், டேட்டாபேஸ்னு ராப்பகலா எழுதிட்டே கெடக்கும், நடுவுல கரண்ட்டும் போகும், ஒரு ஷிப்மென்ட் நாள் காலைல பாத்தா ஒரு போனும் ரெஜிஸ்டர் ஆகல, கார்டு ரீட்-ஒன்லி ஆயி, எதையும் எழுத முடியாம உக்காந்துருச்சு.

அப்புறம்தான் ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டா இந்த வைஸ் 5070ங்கற சின்ன ஆபீஸ் கம்ப்யூட்டர் (தின் கிளையன்ட்) எடுத்தேன், 5500 ரூபா. செலரான் ஜே4105, 4 கோர், 4 ஜிபி ரேம். இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஃபேனே இல்லாததுதாங்க. பஞ்சு பறக்கற எடத்துல ஃபேன் வச்ச கம்ப்யூட்டர் ஆறு மாசத்துல தலகாணி மாதிரி அடைச்சுக்கும், இத துணிய வச்சு தொடச்சா முடிஞ்சுது. ஆறு கால் ஒண்ணா ஓடறப்ப பாத்தேன், சிபியு 5 பர்சென்ட்டு கூட தாண்டல. ப்ரீபிபிஎக்ஸ் 17 இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் டெபியன் 12 லினக்ஸ்ல 64 பிட் இன்டெல், ஏஎம்டிக்குன்னே எழுதுனது, அதனால இதுல சொகமா ஏறிருச்சு.

கடுப்பும் இருக்கு. உள்ள இருக்கற எம்.2 ஸ்லாட்ல சாட்டா எஸ்எஸ்டி மட்டுந்தான் வேலை செய்யும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கிட்டு வந்து முழிக்காதீங்க. எச்டிஎம்ஐ கெடையாது, டிஸ்ப்ளேபோர்ட்தான். பயாஸ் (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்டு கேக்கும், கடைக்காரருக்கே தெரியல, "ஃபயர்போர்ட்" (Fireport)னு மொத எழுத்த மட்டும் கேப்பிட்டல்ல அடிங்க, கம்பெனி டீஃபால்ட் அதுதான். உள்ள போனதும் ஏசி ரெகவரிய பவர் ஆன்ல வைக்க மறந்துறாதீங்க, இல்லன்னா கரண்ட் வந்தாலும் அது பாட்டுக்கு தூங்கும், வாட்ச்மேனுக்கு போன் போட்டு பட்டன அமுக்க சொல்லோணும், அந்த போனும் இதுல இருந்துதான் போகணும்!

நடுவுல ரெண்டு நாள் ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேக்கலன்னு இந்த டப்பாவ கண்டபடி திட்டிட்டேன், பாத்தா ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜிங்கற, போன் பாக்கெட்ட மாத்தி விடற செட்டிங் ஆன்ல இருந்துருக்கு, ஆஃப் பண்ணதும் சரியாயிருச்சு.

மூணு நாலு போன்தான்னா இதெல்லாம் வேணாங்க, கையில இருக்கற பை 4யே போதும், ஆனா கார்ட தூக்கி போட்டுட்டு யுஎஸ்பி எஸ்எஸ்டில இருந்து பூட் பண்ணுங்க.