சேகரக் கமிட்டியாருக்கான ஒரு நாள் பயிற்சி எப்படி இருந்தது?

சபைத் தேர்தல் முடிந்து, சேகரத்துக்கு (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) புதிதாக வந்த கமிட்டி உறுப்பினர்களுக்கான பயிற்சி இது. கட்டணம், மதியச் சாப்பாடு சேர்த்து 200 ரூபாய்.

காலை அமர்வுக்காகவே போகலாம். வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தை எடுத்தார்கள். எருசலேம் விசுவாசிகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனி ஆளாகக் கையாளவில்லை. தன் உடன் ஊழியரான தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் அனுப்புகிறார். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். பயிற்சி கொடுத்த ஐயா அங்கிருந்து நேரே எங்கள் விஷயத்துக்கு வந்தார். காணிக்கையை ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே எண்ண வேண்டும். எண்ணும் இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது, இருவரும் கையெழுத்திட வேண்டும். அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) வந்த அரிசியும் ஆடும்கூடப் பதிவேட்டில் ஏற வேண்டும். பொருளாளரின் நல்ல பெயரைக் காப்பதற்கே இதெல்லாம் என்றார். சபை வழக்குகள் கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்து வேதனைப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். பந்தியில் விதவைகள் விடுபட்டார்கள் என்ற முறுமுறுப்பை அப்போஸ்தலர்கள் அடக்கவில்லை, ஏழு பேரை நியமித்துச் சரிசெய்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயரான (பிஷப்) அசரியாவைப் பற்றியும் கொஞ்சம் பேசினார்கள்.

குறை என்றால், சபைக்குள் வரும் சண்டைகளைத் தீர்ப்பது பற்றிய அமர்வை அவசரமாக முடித்துவிட்டார்கள். அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். பெண்களும் மிகக் குறைவு. பெண்கள் ஐக்கிய சங்கத்தாரையும் கட்டாயம் அழைக்க வேண்டும்.

போகிறவர்கள் உங்கள் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.