கிரேக்கக் குவளைகளைப் படிக்க: பீஸ்லி காப்பகமா, மெட் அருங்காட்சியகமா?

பண்டைய கிரேக்கக் குவளைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்க நான் பரிந்துரைப்பவை இரண்டு: ஆக்ஸ்ஃபோர்டின் பீஸ்லி காப்பகத் தரவுத்தளம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் திறந்த அணுகல் தொகுப்பு.

கண்ணுக்கு விருந்து மெட்தான். 2017 முதல், பதிப்புரிமை இல்லாத கலைப்பொருட்களின் படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். அமாசிஸ் ஓவியர் எனப்படும் பண்டைய ஏதென்ஸ் கலைஞரின் லெகிதோஸ் (எண்ணெய்க் குடுவை) ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெண்கள் கம்பளி நூற்கிறார்கள், செங்குத்துத் தறியில் நெய்கிறார்கள். கீறி வரைந்த ஒவ்வொரு கோடும் தெரிகிறது.

ஆனால் அது ஒரே அருங்காட்சியகத்தின் சேகரிப்பு. அதே ஓவியரின் மற்ற குவளைகளைத் தேடப் பீஸ்லிதான் வேண்டும். காது, கணுக்கால், ஆடை மடிப்பு போன்ற சின்னஞ்சிறு கோடுகளை வைத்தே, கையொப்பமில்லாத குவளைகளுக்கும் ஓவியரை அடையாளம் கண்டவர் ஜான் பீஸ்லி. அவர் உழைப்பில் வளர்ந்த இந்தத் தரவுத்தளத்தில், உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குவளைகளை ஓவியர், வடிவம், கிடைத்த இடம், காட்சி என்று வடிகட்டலாம். என்ன ஒரு வசதி! படங்கள் பல கறுப்பு வெள்ளை. சில பதிவுகளில் படமே இல்லை.

வரைந்து பழகவும் பாடம் நடத்தவும் மெட் போதும். ஆய்வுக் கட்டுரைக்குப் பீஸ்லியில் தொடங்கி, ஒவ்வொரு குவளையின் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது அந்த எண்ணைத்தான்.